உள் சோதனையில் அல்ல, வாடிப்பட்டி பஸ்ஸில்

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். இந்தக் கையால் என்னென்ன செய்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதைப் பிறகு பேசுவோம்.

மீசை முளைக்கும் முன்பே வால்வு ரேடியோவைப் பிரித்துப் பாட வைத்தேன். ஸ்டெபிலைசருக்கு நானே செம்புக் கம்பி சுற்றினேன். ஆனையூரில் சில வீடுகளில் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் அவை இன்னும் முனகிக்கொண்டிருக்கின்றன. கேபிள் டிவி வந்தபோது மொட்டைமாடிக்கு மொட்டைமாடி வயர் இழுத்து ஒரு வார்டுக்கே படம் காட்டினேன். அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. "இங்கிலீஷ் தெரியாமக் கம்ப்யூட்டர் கடையா?" என்று சிரித்துக் கடன் மறுத்த வங்கி மேலாளரின் கம்ப்யூட்டரே பிற்பாடு என் கடை மேசையில் வந்து படுத்தது. தூசி தட்டி ஓட வைத்து அனுப்பினேன். பஸ்களில் கேமரா வைக்கிற காலம் வந்தபோது படத்தைச் சேமிக்கிற வெளியூர்ப் பெட்டிகள் மதுரை வெயிலில் வெந்து செத்தன. நான் செய்த பெட்டி சாகவில்லை. இரும்புத் தகட்டை வெட்டி வளைத்ததிலிருந்து உள்ளே ஓடும் புரோகிராமை எழுதியது வரை நான்தான். யாரும் சொல்லித் தரவில்லை. யாரும் கை கொடுக்கவும் இல்லை. வேண்டாம் என்று தடுத்தவர்கள்தான் அதிகம்.

கடைசியாக ஒன்று செய்தேன். உலகம் முழுக்கப் போனிலும் கம்ப்யூட்டரிலும் ஓடுகிற ஓர் இலவச இயக்க முறைமையின் அடியாழத்தில் கிடந்த ஒரு தப்பைக் கண்டுபிடித்தேன். அது இப்போது திருத்தப்பட்டுவிட்டது. அந்தத் திருத்தத்துக்குக் கீழே யார் எழுதினார், யார் பரிசீலித்தார், யார் சோதித்தார் என்று வரிசையாகப் பெயர்கள் நிற்கின்றன. என் பெயர் இல்லை. நான் செய்தவற்றில் என் பெயர் இல்லாத இடம் அது ஒன்றுதான். இந்த அத்தியாயத்தை எழுதுவது அதற்காக.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கம்ப்யூட்டரில் நம் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் மேல்பூச்சு. அடியில் ஒன்று உட்கார்ந்துகொண்டு நினைவகத்தையும் கோப்புகளையும் கேமராவையும் யாருக்கு எப்போது தருவது, யாரிடமிருந்து எப்போது வாங்குவது என்று நிர்வாகம் பண்ணுகிறது. அதற்குக் கர்னல் என்று பெயர். மேலே ஓடுகிற புரோகிராம் செத்தால் அது மட்டும்தான் சாகும், எழுப்பிக்கொள்ளலாம். கர்னல் செத்தால் மொத்தமும் போச்சு. மின்சாரத்தை அணைத்துப் போட்டால்தான் மறுபடி உயிர் வரும்.

என் பெட்டிக்குள் இருப்பது உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பலகை. அதை வாங்கச் சொன்னது என் அக்கா மகன். பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனிக்கு வேலை பார்க்கிறான். வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஆனபிறகு ஆனையூருக்கே வந்துவிட்டான். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில்தான் அக்கா வீடு. பெரிய படிப்புப் படித்தவன், நாற்பது வயதைத் தொடப்போகிறவன், கர்னலுக்குள் கை வைத்து எழுதுகிறவன். "இந்தப் பலகையை வாங்குங்க மாமா, இதுக்குக் கர்னல்ல கேமரா பகுதியை எங்க கம்பெனிதான் எழுதுது" என்றான். வாங்கினேன். சி என்கிற கம்ப்யூட்டர் மொழியை எழுத்துக் கூட்டிப் படித்து, அங்கே இங்கே பார்த்து, ஒட்ட வேண்டியதை ஒட்டி, வெட்ட வேண்டியதை வெட்டி, படம் பிடித்துச் சேமிக்கிற புரோகிராமை எழுதி முடித்தேன்.

மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் போகிற தனியார் பஸ்களில் என் பெட்டி சிங்கம் மாதிரி ஓடியது. ஒரு புகார் இல்லை. ஆரப்பாளையத்திலிருந்து வாடிப்பட்டி போகிற பஸ்களில் மாட்டினேன். அங்கே வந்தது வினை. அந்த பஸ்களின் முதலாளி போன் போட்டார்.

"அண்ணே, ஒங்க பொட்டி தூங்குதுண்ணே."

"தூங்குதா?"

"ஆமாண்ணே. தட்டி எழுப்புனா முழிக்குது. திரும்பிப் பாத்தா மறுபடி தூங்குது. நான் பொட்டி வாங்குனேனா, வீட்டோட மாப்பிள்ளை பாத்தேனா?"

போய்ப் பார்த்தேன். பச்சை விளக்கு சிமிட்டாமல் விறைத்துப்போய் நின்றது. அது கர்னலே செத்துப்போனதற்கு அடையாளம். பெட்டியை மாற்றினேன். மாற்றிய பெட்டியும் அடுத்த நாள் விறைத்தது. முதலாளி நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கும் ஒரு எல்லை உண்டு. "அடுத்த வாரம் வரைக்கும் பாக்குறேண்ணே. அப்புறம் கழட்டிருவேன். கோவிச்சுக்கப்பிடாது" என்றார். கழற்றினால் ஒரு பஸ்ஸோடு நிற்காது. பஸ் ஸ்டாண்டில் பேச்சு பஸ்ஸைவிட வேகமாகப் போகும். எட்டாங்கிளாஸ் செய்த பெட்டி என்று சிரிக்கக் காத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும்.

அக்கா மகனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் பெட்டியைத் திறக்கவே இல்லை.

"கரண்ட்டு பிரச்சனை மாமா. பஸ் ஸ்டார்ட் ஆகுறப்ப வோல்டேஜ் எறங்கும். கரண்ட்டைத் தேக்கி வைக்கப் பெருசா ஒரு கெப்பாசிட்டரைப் போடுங்க, சரியாப் போயிரும்."

யாரிடம் கரண்ட் பாடம் நடத்துகிறான் பாருங்கள். இவன் பால்புட்டி குடித்துக்கொண்டிருந்தபோது இவன் வீட்டு ஸ்டெபிலைசருக்குக் காயில் சுற்றியவன் நான்.

"பொட்டிக்குன்னு தனியா பேட்டரி வச்சிருக்கேன் மாப்ள. பஸ்ஸு கரண்ட்டுல ஓடுறது கேமரா மட்டுந்தான். கேமரா அணைஞ்சா அணையட்டும். பொட்டி எதுக்குச் சாகணும்?"

"உங்களுக்கு ஓடணும்னா கெப்பாசிட்டரைப் போடுங்க. ஏன் எதுக்குன்னு தெரியணும்னா அது வேற சோலி."

எனக்கு அந்த வேற சோலிதான் வேண்டும். கெப்பாசிட்டர் போட்டுப் பார்த்தேன், இல்லை என்று சொல்லவில்லை. சாவது குறைந்தது, நிற்கவில்லை. குறைந்துபோன நோயைச் சரியாகிவிட்டது என்று சொல்லி அனுப்புகிற பழக்கம் என் கடையில் கிடையாது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஆரப்பாளையம் போனேன். வாடிப்பட்டி பஸ்ஸில் ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால், பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தேன். டிரைவர் எனக்கு ரொம்ப இளையவர், வாய் மட்டும் என்னைவிட மூத்தது.

எஞ்சினை ஸ்டார்ட் செய்தார். உறும விட்டார். பஸ் ஒரு முழம் முன்னால் நகர்ந்தது. வெளியே டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸை வைத்துவிட்டு ஓடி வந்து ஏறினார்கள். கண்டக்டர் படியில் தொங்கியபடி, "வாடிப்பட்டி வாடிப்பட்டி, எடுத்தாச்சு எடுத்தாச்சு" என்று கத்தினார். எல்லோரும் ஏறி உட்கார்ந்ததும் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுச் சாய்ந்துகொண்டார்.

"ஏம்ப்பா, கெளம்பலையா?" என்றேன்.

"நேரம் கெடக்குண்ணே."

"பெறகு எதுக்கு ஸ்டார்ட் பண்ணுன?"

"சும்மா நிக்கிற பஸ்ஸுல எவண்ணே ஏறுவான்? உறுமுனாத்தான் வருவாய்ங்க. பின்னாடி நிக்கிறான் பாருங்க இன்னொரு பஸ்காரன், அவன் உறுமிட்டான்னா இவுக அம்புட்டுப் பேரும் அங்கிட்டு ஓடிருவாக."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் நின்ற பஸ் உறுமியது. இவர் உடனே சாவியைத் திருகினார். மறுபடி உறுமல், மறுபடி ஒரு முழம், மறுபடி அணைப்பு. எனக்குப் பின்னால் காய்கறிச் சாக்கோடு உட்கார்ந்திருந்த அம்மாள் பொறுக்க மாட்டாமல் கண்டக்டரைப் பார்த்து, "எடுத்தாச்சு எடுத்தாச்சுங்கிறயே, எதத்தான்யா எடுத்த?" என்றார். "உங்க உசுர எடுக்கிறோம்மா, உக்காருங்க" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறை சாவி திரும்பும்போதும் ஸ்டார்ட்டர் மோட்டார் பஸ் பேட்டரியை உறிஞ்சும். கேமராவின் சிவப்பு விளக்கு அணைந்து எரியும். மேலூர் பஸ் ஒருமுறை ஸ்டார்ட் ஆனால் போய்க்கொண்டே இருக்கும்; அங்கே நேரம் பார்த்து விரட்டுகிறவர்கள் உண்டு. இங்கே கிளம்பாமலே கிளம்புகிற வேலை நாள் முழுக்க நடக்கிறது. அப்படி ஒரு திருகலில் சிவப்பு அணைந்தது. எரிந்தது. என் பெட்டியின் பச்சை மட்டும் விறைத்து நின்றுவிட்டது.

அங்கேயே இறங்கிக்கொண்டேன். "என்னண்ணே, வாடிப்பட்டிக்கு வரலையா?" என்றார் டிரைவர். "நீ போகும்போது சொல்லு, வாரேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கடைக்கு வந்ததும் ஒரு பொறியைச் செய்தேன். ஹாரனுக்குப் போடுகிற ரிலே சுவிட்சை எடுத்து, கேமராவுக்குப் போகிற கரண்ட்டை வெட்டி வெட்டி விடுகிற மாதிரி இணைத்தேன். முதலில் கடிகாரம் மாதிரி சீராக வெட்ட வைத்தேன். பெட்டி அசையவே இல்லை, கல்லு மாதிரி நின்றது. அந்த டிரைவர் சீராகவா சாவியைத் திருகினார்? பின்னால் உள்ளவன் உறுமினால் திருகுவார், டீ குடித்தால் திருக மாட்டார். அதே மாதிரி தாறுமாறாக வெட்ட வைத்தேன். ஒரு டீ ஆற்றிக் குடிப்பதற்குள் பெட்டி செத்தது. எழுப்பினேன். மறுபடி செத்தது. ஒரு தப்பை வேண்டும்போதெல்லாம் வரவழைக்க முடிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பது என் அனுபவம். அந்தப் பாதியைச் செய்தவன் யார் என்பதை இந்த இடத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகனை வரச் சொல்லிக் காட்டினேன். அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு என் புரோகிராமைத் திறந்து படித்தான். படித்தவன் சிரிக்க ஆரம்பித்தான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு புரோகிராம் ஏதாவது ஒரு கோப்பைக் கேட்டால் கர்னல் அதற்கு ஓர் எண்ணைக் கொடுக்கும். கேமரா பிடித்த ஒவ்வொரு படத்துக்கும் அப்படி ஓர் எண் வரும். வேலை முடிந்ததும் அந்த எண்ணை மூட வேண்டும். மூடியதும் அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த இடத்தைக் கர்னல் எடுத்து வேறு யாருக்காவது கொடுத்துவிடும். என் புரோகிராமில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வேலை செய்வார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் படம் பிடித்துக்கொண்டே இருப்பான். இன்னொருவன் காவலாளி. கேமரா அணைந்தது தெரிந்தால் காவலாளி எல்லா எண்களையும் வரிசையாக மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்குவான். எந்த எண் திறந்திருக்கிறது, எது இல்லை என்றெல்லாம் பார்க்க மாட்டான். இந்த எண்ணிலிருந்து அந்த எண் வரை எல்லாவற்றையும் மூடு, அவ்வளவுதான்.

"எவனாச்சும் இப்புடி எழுதுவானா மாமா?"

"நான் எழுதியிருக்கேன்ல."

"தெறந்துருக்கா இல்லையான்னே பாக்காம மூடுறீங்க. இல்லாத நம்பரையெல்லாம் மூடுறீங்க."

"பஸ்ஸு பழுதாகி நின்னா கண்டக்டரு ஒவ்வொரு சீட்டாப் போயி, அய்யா இருக்கீகளா, அம்மா இருக்கீகளான்னு கேட்டா எறக்குறான்? எல்லாரும் எறங்குன்னு ஒரே சத்தம். இருக்கிறவன் எறங்குவான். இல்லாதவன் எறங்க மாட்டான். இதுல என்ன தப்பு?"

"உங்க புரோகிராமுதான் தப்பு. அதை மாத்துங்க, எல்லாம் சரியாப் போயிரும்."

முதலில் கரண்ட் என்றான், இப்போது புரோகிராம் என்கிறான். இரண்டிலும் சுற்றிச் சுற்றி என் தலையில்தான் வந்து நிற்கிறது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"என் புரோகிராம் கேணத்தனமாவே இருக்கட்டும் மாப்ள. கேணப் புரோகிராம் செத்தா அது செத்துத் தொலையட்டும். அது அடியில இருக்கிற கர்னலை எப்புடிடா கொல்லுது? நீங்க எழுதுனது அம்புட்டு நோஞ்சானாவா இருக்கு?"

அவன் சிரிப்பு நின்றது. அவன் ஒன்றும் சின்னப் பையன் இல்லை, சொன்னது என்ன என்று உடனே புரிந்துவிட்டது. மேலே இருக்கிறவன் எவ்வளவு கோணல் புத்திக்காரனாக இருந்தாலும் கர்னல் சாகக் கூடாது. அதுதான் கர்னலின் தர்மம். மடிக்கணினியைத் திறந்து அவர்கள் கம்பெனி எழுதிய கேமரா பகுதியைக் கொண்டுவந்தான். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனான். எனக்கு ஒரு வரி புரியவில்லை என்றாலும் நிறுத்தினேன். அவனுக்கு எரிச்சல் வந்தது. எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

"இங்க படத்துக்கு ஒரு எடம் ஒதுக்குது. இங்க அதுக்கு ஒரு நம்பர் குடுக்குது. அப்புறம் அந்த எடத்துல படத்தோட அளவையும் நேரத்தையும் எழுதிட்டு முடிச்சுக்கிருது."

"நில்லு. நம்பரைக் குடுத்துட்டு எழுதுதா, எழுதிட்டுக் குடுக்குதா?"

"குடுத்துட்டு எழுதுது. ரெண்டு வரிதான் மாமா, கண்ணு இமைக்கிற நேரங்கூட ஆகாது."

"அந்த நேரத்துல என் காவக்காரன் அந்த நம்பரை மூடிட்டான்னா?"

அவன் அந்த இரண்டு வரிகளுக்குத் திரும்பிப் போனான். பிறகு என்னைவிட வேகமாக அவனே அவிழ்த்தான். அதை நான் மறைக்க மாட்டேன். நம்பர் வெளியே போன அந்த நொடியிலிருந்து யார் வேண்டுமானாலும் அதை மூடலாம். மூடினால் இடம் கைமாறிவிடும். கேமரா பகுதியோ இன்னும் தன் இடம்தான் என்று நினைத்துக்கொண்டு அதில் எழுதுகிறது. அது இப்போது அடுத்தவன் வீட்டுச் சுவர். அந்தச் சுவரில் எழுதினால் வீடு இடியாமல் என்ன செய்யும்? ஒழுங்கான புரோகிராம் எதுவும் தனக்கு இன்னும் வந்து சேராத நம்பரை மூடாது. அதனால் இத்தனை காலம் யார் கண்ணிலும் படவில்லை. என்னுடையது மாதிரி பார்க்காமல் மூடுகிற புரோகிராமும், கிளம்பாமல் கிளம்புகிற பஸ்ஸும் சேர்ந்தால்தான் அது பிடிபடும். இதற்குப் படித்தவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், ரேஸ் என்று. இரண்டு பேர் ஒரே இடத்துக்கு ஓடுகிறார்கள். யார் முந்துவார் என்று சொல்ல முடியாது.

திருத்துவதும் லேசாக நடந்துவிடவில்லை. முதலில் அவன் அந்த இடத்தில் ஒரு பூட்டைப் போட்டான். ஒருவன் உள்ளே இருந்தால் மற்றவன் காத்திருக்க வேண்டும் என்பது கணக்கு. பொறியில் மாட்டினோம். இப்போது பெட்டி வேறு விதமாக விறைத்தது. ஆளுக்கொரு பூட்டை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கிறார்கள் என்றான். அன்றைக்குச் சாப்பிடவும் எழுந்திருக்கவில்லை. அவன் அம்மா, என் அக்கா, சோற்றை வைத்துவிட்டு, "கேமராப் பொட்டிக்கா எளவு காக்குறீங்க ரெண்டு பேரும்? தின்னுட்டுத்தான் சண்டை போடுங்களேன்" என்றாள்.

மறுநாள் ஆரப்பாளையம் போனேன், முதலாளியிடம் இன்னும் ரெண்டு நாள் கேட்பதற்காக. ஒரு பஸ் உள்ளே வந்துகொண்டிருந்தது. ஒரு ஆள் கூடவே ஓடி ஜன்னல் வழியாக சீட்டில் துண்டைப் போட்டார். பிறகு நிதானமாகத் திரும்பிப் போய்ப் பையை எடுத்தார், பிள்ளையைக் கையில் பிடித்தார், மனைவியை ஏற்றினார், பையை மேல்தட்டில் வைத்தார், எல்லாம் முடிந்தபிறகு துண்டை எடுத்துவிட்டு உட்கார்ந்தார். அதுவரை அந்த சீட்டில் ஆள் இல்லை. இடம் மட்டும் பிடித்தாகிவிட்டது. ஆளே இல்லாத சீட்டிலிருந்து யாரை எழுப்ப முடியும்?

பஸ் ஸ்டாண்டிலிருந்தே போன் போட்டேன்.

"மாப்ள, நம்பருக்குத் துண்டு போட்டு வைக்க வழி இருக்காடா?"

"என்ன மாமா சொல்றீங்க?"

"நம்பரை மட்டும் பிடிச்சு வச்சுக்க. படத்தை உக்கார வைக்காத. அளவு, நேரம், என்ன எழவை எழுதணுமோ அம்புட்டையும் எழுதி முடி. கடைசியா உக்கார வையி. உக்கார வச்சதுக்கப்புறம் அதைத் தொடவே கூடாது."

விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அதுக்கு ஏற்கனவே வழி இருக்கு மாமா. எங்காளுக வரிசையைத்தான் மாத்திப் போட்டுட்டாய்ங்க" என்றான். வழி இருந்தது என்றுதான் அவன் இன்றைக்கும் சொல்கிறான். இருந்ததாம். இருந்த வழியில் போகச் சொன்னது யார்?

வரிசையை மாற்றினான். பூட்டு இல்லை, புதிதாக எதுவும் இல்லை, நாலு வரி இடம் மாறியது. பொறியில் மாட்டி ஓட விட்டோம். என் காவலாளி புத்தி கெட்டு எல்லாவற்றையும் மூடிக்கொண்டே இருந்தான், ரிலே தறிகெட்டு அடித்துக்கொண்டே இருந்தது, பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. வாடிப்பட்டி பஸ்ஸில் மாட்டினேன். டிரைவரிடம், "இன்னைக்கு ஒன் இஷ்டத்துக்கு உறுமுப்பா" என்றேன். "டீசலுக்கு நீங்க சொல்லுவீகளாண்ணே மொதலாளிகிட்ட?" என்றார். உறுமினார். பெட்டி சாகவில்லை. முதலாளி கழற்றவில்லை. மிச்ச பஸ்களுக்கும் மாட்டச் சொன்னார்.

இதோடு முடிந்திருந்தால் இந்த அத்தியாயம் சந்தோஷ அத்தியாயம்.

அந்தக் கர்னலை எழுதுகிறவர்கள் உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறார்கள். ஒரு திருத்தம் என்றால் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி அனுப்ப வேண்டும். என்ன தப்பு, எப்படித் தெரிந்தது, எப்படிச் சரிசெய்தோம் என்று மேலே எழுத வேண்டும். கீழே பெயர்கள். எழுதியவர் என்று ஒரு வரி. தப்பைக் கண்டு சொன்னவருக்கு ஒரு வரி உண்டு. சோதித்தவருக்கு ஒரு வரி உண்டு. பரிசீலித்தவருக்கு ஒன்று. அவர்களுடைய மரியாதை அது. சம்பளம் இல்லை, மாலை இல்லை, வரிதான். இதையெல்லாம் எனக்கு ஆசை ஆசையாகச் சொன்னவனே அவன்தான்.

அனுப்பினான். வெளிநாட்டில் ஒருவர், நிஜத்தில் எந்தப் புரோகிராமாவது இப்படிச் செய்யுமா என்று கேட்டாராம். இவன் ஏதோ பதில் சொல்லியிருக்கிறான். ஏற்றுக்கொண்டார்கள். திருத்தம் உள்ளே போனது. நான் போனில் அதைத் திறந்து, மொழிமாற்றிப் படித்தேன். எழுதியவர், அக்கா மகன். சரி. பரிசீலித்தவர், யாரோ வெள்ளைக்காரர். சரி. சோதித்தவர், பெங்களூரில் இவனோடு வேலை பார்க்கிற ஒருவர். அந்த ஆள் ஆரப்பாளையத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. கண்டு சொன்னவர் என்கிற வரியே இல்லை. மேலே, எப்படித் தெரிந்தது என்கிற இடத்தில் எழுதியிருந்தான்: உள் சோதனையின்போது தெரியவந்தது.

உள் சோதனை! எந்த உள்ளே? அவர்கள் ஏ.சி. அறைக்குள்ளா? நான் உட்கார்ந்திருந்தது பஸ்ஸுக்குள்ளே, காய்கறிச் சாக்குக்கும் எஞ்சின் சூட்டுக்கும் நடுவிலே.

அக்கா வீட்டுக்குப் போனேன்.

"என் பேரு எங்கடா மாப்ள?"

"கம்பெனி ரூல் மாமா. வாடிக்கையாளர் பேரைப் போடணும்னா லீகல்ல, அதான் கம்பெனி வக்கீலுககிட்ட, கேக்கணும். அது லேசுல முடியாது."

"நான் ஒங்க கம்பெனிக்கு வாடிக்கையாளா? ஒனக்கு மாமன்டா."

"அதான் மாமா, வீட்டாளு பேரைப் போட்டா இன்னும் சிக்கல். தப்பா நெனப்பாங்க."

"பொட்டி என்னுது, பொறி என்னுது, பஸ்ஸுல குந்துனது நானு. இதுல தப்பா நெனைக்க என்ன இருக்கு?"

"உங்க புரோகிராமு பாக்காம மூடுதுன்னு எழுதச் சொல்றீங்களா? ஊரே சிரிக்கும்."

"எழுது. சிரிக்கட்டும். சிரிக்கிறவன் எவனும் இதைக் கண்டுபிடிக்கலைல்ல?"

அக்கா நடுவில் வந்தாள். "மாமனும் மருமகனும் ஒரு பேருக்கா அடிச்சுக்கிறீங்க? ரேஷன் கார்டுல இருந்தா எடுத்துட்டான்?"

"ரேஷன் கார்டுல எடுத்திருந்தா விட்டுருவேன்க்கா" என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன்.

"ஒரு வரிதான மாமா" என்றான் அவன்.

"ஒரு வரிதான? அப்பப் போட்டுர வேண்டியதுதான?"

உள்ளே போனது போனதுதான், இனி மாற்ற முடியாது என்றான். அது உண்மைதான், விசாரித்துவிட்டேன். வந்துவிட்டேன். சில மாதம் அவன் வீட்டுப் பக்கம் போகவில்லை. தெருவில் பார்த்தால் அவன் வண்டியை மெதுவாக்குவான், நான் மெதுவாக்க மாட்டேன்.

இப்போது அவனே வந்தான். அவர்கள் கம்பெனி எழுதிய இன்னொரு கேமரா பகுதியிலும் அதே தப்பு இருக்கிறதாம். நம்பரைக் கொடுத்துவிட்டு எழுதுகிறதாம். பார்த்தால் தெரிகிறது, ஆனால் வரவழைத்துக் காட்ட முடியவில்லை. வரவழைத்துக் காட்டாமல் கர்னலை எழுதுகிறவர்கள் ஏற்க மாட்டார்கள். பெங்களூரில் அவர்களும் கரண்ட்டை வெட்டி வெட்டிப் பார்த்திருக்கிறார்கள். சீராக வெட்டியிருப்பார்கள். வந்தவன் வாசலில் நின்றுகொண்டு, "அந்தப் பொறியைக் கொஞ்சம் குடுங்க மாமா" என்றான். உட்காரச் சொன்னேன். டீ கொடுத்தேன். பொறியைக் கொடுக்கவில்லை.

அவனிடம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன், நாலு பேர் பார்க்கட்டும். பொறி என் கடை அலமாரியில் இருக்கிறது. பெங்களூருக்குப் போகாது. சோதனை என் கடையில் நடக்கும், என் கையால் நடக்கும், அதன்பிறகு ஆரப்பாளையத்தில் பஸ்ஸில் நடக்கும். கம்பெனியின் சட்டக்காரர்கள் வந்து கேட்டாலும் இதுதான் பதில். எனக்குப் பணம் வேண்டாம், பாராட்டுக் கடுதாசி வேண்டாம், கூட்டம் போட்டுச் சால்வை போர்த்தவும் வேண்டாம்.

மாப்ள, இந்த முறை அனுப்பும்போது மேலே உள் சோதனை என்று எழுதாதே. மதுரையில் ஓடுகிற ஒரு பஸ்ஸில், பார்க்காமல் மூடுகிற ஒரு புரோகிராமால் தெரியவந்தது என்று எழுது. முதல் திருத்தமும் அப்படித்தான் வந்தது என்று அதிலேயே ஒரு வாக்கியம் சேர். கீழே எழுதியவர் என்று உன் பெயரைப் போட்டுக்கொள். நீதான் எழுதினாய், இல்லை என்று நான் சொல்லவில்லை. கண்டு சொன்னவர் என்கிற வரியில் என் பெயரைப் போடு. சோதித்தவர் என்கிற வரியிலும் என் பெயரையே போடு. இன்ஷியலை விட்டுவிடாதே.